பாட்டிக்கு லைசென்ஸ் இல்லை, சரி, தொட்டிக்கு மூடி?

“நம் பாட்டிகள் எந்த லைசென்ஸ் வாங்கிப் பிள்ளை வளர்த்தார்கள்?” என்று கேட்டிருக்கிறார் சென்ற இதழ்க் கட்டுரையாளர். ப்ளே ஸ்கூல்களுக்காகத் தமிழக அரசு 2015-இல் கொண்டுவந்த விதிகள் வீண் தொல்லையாம். தூக்கிப் போட வேண்டுமாம். கைதட்டல் வாங்கும் கேள்விதான். ஆனால் பாட்டி மாதாமாதம் ஃபீஸ் வாங்கவில்லை. முப்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்துவிட்டு, வாசல் சுவரில் மிக்கி மவுஸ் வரைந்து வைக்கவில்லை. பேரன் கிணற்றடிப் பக்கம் போனால் ஓடிப்போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த இடுப்பு இல்லாத இடத்தில்தான் விதி வேண்டியிருக்கிறது.

விதிகளால் செலவு கூடும், கட்டணம் ஏறும், ஏழைத் தாய்மார் தவிப்பார்கள் என்கிறார். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியில் கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த மூடி உடைந்தது, எல்.கே.ஜி. சிறுமி உள்ளே விழுந்து இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரை கே.கே. நகரில் ஒரு ப்ளே ஸ்கூலின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். ஒரு நல்ல மூடிக்கும் ஒரு பூட்டுக்கும் ஃபீஸை எவ்வளவு ஏற்ற வேண்டும்? கட்டுரையாளரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இற்றுப்போன மூடியே போதும் என்பதைத்தான் அவர் சுற்றி வளைத்துச் சொல்கிறார். அதற்கு இரக்கம் என்று பெயர் வேறு!

“நல்லது எது என்று பெற்றோருக்குத் தெரியாதா?” என்பது அடுத்த கேள்வி. தெரியாது ஐயா. காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டியை அணைக்காமலே பிள்ளையை இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் கண்ணில் படுவது வாசல் மட்டும்தான். கொல்லைப்புறத்தை அவளுக்கு யாரும் கூட்டிப்போய்க் காட்டுவதில்லை. தெருவோரம் பஜ்ஜி போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். எண்ணெய்ச் சட்டிக்கு இருக்கும் கண்காணிப்பு பிள்ளைக்கு வேண்டாமா?

கடைசியாக அவர் எடுத்திருக்கும் அஸ்திரம்: “அதிகாரிகள் லஞ்சம் வாங்குவார்கள். கும்பகோணம் பள்ளிக்கும் அங்கீகாரம் இருந்ததே!” இருந்தது. 2004 ஜூலை 16 அன்று அங்கே 94 பிள்ளைகள் கருகிச் செத்தார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவியது. கீற்றுக் கூரையின் கீழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்ததை ஆண்டுக்கணக்கில் யாரும் தடுக்கவில்லை. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் கல்வித் துறை அதிகாரிகளும் இருந்தார்கள். விதியைக் காகிதத்தில் தூங்கவிட்டதால் வந்த சாவு அது. அதைக் காட்டி விதியே வேண்டாம் என்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லும் யோசனை.

லஞ்சத்தைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே கவலை என்றால் கேட்க வேண்டியது வேறு. ஆய்வுக்கு வந்தவர் யார், என்றைக்கு வந்தார், தொட்டியையும் மின்கம்பியையும் அவசர வழியையும் பார்த்தாரா என்பதைக் கையெழுத்தோடு வெளியிடச் சொல்ல வேண்டும். அந்தத் தாளை வாசலிலேயே ஒட்டட்டும். மிக்கி மவுஸுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.