தீயணைப்போர்க்குக் கல்வி முடிவதுண்டோ?

பட்டம் பெற்ற அன்றே கல்வி முடிந்துவிட்டதெனக் கருதும் மாணவனைக் கண்டு நாம் நகைக்கின்றோம். ஆயின், பணியிற் சேர்ந்த காலத்துப் பெற்ற பயிற்சியே தீயணைப்பு வீரனுக்கு ஓய்வு பெறும் நாள்வரை போதும் என்பாரை மறுப்பார் அரியர்.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிகீன்' என்னும் கப்பலிலே தீப்பற்றியது. அதன்கண் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. தீயணைப்போர் விரைந்து சென்று நீரைப் பாய்ச்சினர். பிற்பகல் நான்கு மணி கடந்த சிறிது நேரத்தில் கப்பல் வெடித்தது. அவருள் 66 பேர் மாண்டனர். அவர்தம் நினைவாகவே அந்நாள் இந்நாட்டில் தீயணைப்புப் பணி நாளாகப் போற்றப்படுகின்றது. அன்னோரிடம் வீரத்திற்குக் குறைவில்லை. இத்தகைய விபத்து ஒருவன் வாழ்நாளில் ஒருமுறையும் நேராதொழியலாம். நேர்ந்த பொழுதோ கற்க நேரமிராது. ஆதலின் முன்னரே பயின்றிருத்தல் வேண்டும்.

'அனுபவமே சிறந்த ஆசான்' என்பர் சிலர். மெய்யே, எனினும் அவ்வாசான் நேற்றைய தீயையே கற்பிப்பான். மரமும் பருத்தியும் நிறைந்த பழைய அறைகள் மெல்ல எரிந்தன. செயற்கை நுரை மெத்தைகள் கொண்ட இக்காலத்து அறையோ ஐந்து நிமிடத்திற்குள் முழுதும் தீப்பிழம்பாகக் கூடுமென அமெரிக்க நாட்டுச் சோதனைகள் காட்டியுள்ளன. மின்வண்டிகளின் லித்தியம் மின்கலம், அணைந்தது போலத் தோன்றிப் பல மணி நேரங் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். கரி படிந்த உடையைப் பெருமையாகக் கருதிய காலமும் உண்டு. தீயணைப்போர் தொழில் புற்றுநோய் விளைவிக்க வல்லதெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022இல் வகுத்தது. அவ்வுடையை உடனே களைந்து தூய்மை செய்தலும் இன்று பாடமாயிற்று.

1956இல் தோன்றிய தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி நாகபுரியில் உண்டு. அனைவரும் அங்குச் செல்ல இயலாதாகலின், பயிற்சியே நிலையந்தோறும் வருதல் வேண்டும். ஆட்குறை தடையென்பர். பயிற்சிக்கு ஒருவர் சென்றிருக்கும்போது அழைப்பு வரின் யார் போவது என்னும் வினா நேர்மையானதே. மாற்றாட்களையும் கணக்கிட்டு நியமித்தலே அதற்கு விடை. பயிற்சி நாளைப் பணி நாளாகவே கொள்ளுதல் வேண்டும். ஓய்வு நாளினின்று கழித்தல் அறமாகாது.

எரியும் வீட்டினின்று நாம் வெளியே ஓடுகின்றோம். அவர் உள்ளே புகுகின்றனர். மாண்டோர்க்கு ஆண்டுதோறும் மலர் சார்த்தும் நாம், வாழ்வோர்க்கு அவ்வாண்டின் புதிய பாடத்தையும் அளிப்போமாக.