ராகி பிஸ்கட்டில் ராகி எவ்வளவு?

கேள்வி: "எங்கள் பேத்திக்கு ஏழு வயது. கோதுமை ஆகாத நோய் இருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். மகனும் மருமகளும் பெங்களூரில் வேலை பார்ப்பதால் குழந்தை எங்களிடம்தான் வளர்கிறாள். ராகிதானே என்று நம்பி டீக்கடையில் ராகி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இப்போது டவுனிலிருந்து 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகள் வாங்கி வந்திருக்கிறோம். எதை நம்பிக் கொடுப்பது? ஒன்றரை ஏக்கரில் ராகியும் சாமையும் எங்களுக்கே விளைகிறது. வீட்டிலேயே செய்ய முடியுமா? எங்கள் மகளிர் குழு மூலம் விற்கவும் முடியுமா?"
- ஒரு வாசகி, பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பதில்: கடிதத்தோடு மூன்று பாக்கெட்டுகளின் பின்பக்க அட்டையையும் கத்தரித்து அனுப்பியிருக்கிறார் இந்த வாசகி. அவர் கேட்டதற்கான பதிலில் பாதி அந்த அட்டைகளிலேயே இருக்கிறது.

முதல் அட்டை குழந்தையின் வயிற்றைக் கெடுத்த ராகி பிஸ்கட்டுடையது. சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது கோதுமை மாவு. அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். நாலாவதாகத்தான் ராகி மாவு வருகிறது, அதுவும் 12 சதவீதம். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும், பெயரிலோ படத்திலோ பெரிதாகக் காட்டும் பொருள் எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த விதிப்படி எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. எழுத்து எறும்பு அளவுக்கு இருப்பதும், எல்லாமே ஆங்கிலத்தில் இருப்பதும்தான் சிக்கல். 2023-ஆம் ஆண்டை உலக சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சிறுதானியப் பெயர் தாங்கிய பிஸ்கட்டுகள் கடைகளில் பெருகிவிட்டன. நூறு கிராம் பாக்கெட்டில் 12 கிராம் ராகி என்றால், ஒரு கிலோ ராகியை வைத்து எண்பது பாக்கெட்டுக்கு மேல் போடலாம். ராகி விளைவிக்கிறவருக்கு இதில் மகிழ என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒரு புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வலை போல விரிக்கிறாரே, கிழியாமல் அப்படி இழுபடக் காரணம் இதுதான். மைதா மாவைப் பிசைந்து, தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கழுவிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாவெல்லாம் கரைந்து போய் கையில் ரப்பர் போல ஒரு உருண்டை மிஞ்சும். பெரும்பாலும் குளூட்டன்தான் அது. ராகி, சாமை, தினை, வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், அரிசி இவற்றில் இது கிடையாது.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் மழுங்கிப் போகும். பிள்ளை சாப்பிடும், ஆனால் உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், ரத்தம் குறையும், வளர்த்தி நின்றுபோகும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதைக் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். கோதுமைதான் காரணம் என்பது அவர் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. இன்றுவரை இதற்கு மருந்து, வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது மட்டும்தான். வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கும் இந்த நோய், அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் காணப்பட்டிருக்கிறது. அதனாலேயே நம் பக்கத்தில் பலருக்கு இதன் பெயரே தெரியாது. "பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகிவிடும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும் அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, வயிறு சரியில்லை என்பதற்காக வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோதுமையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலில் சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவைக் காட்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது அட்டை ஓட்ஸும் தினையும் கலந்த பிஸ்கட். கோதுமை பட்டியலில் இல்லை. ஆனால் அடியில், கோதுமை கையாளும் தொழிற்சாலையில் தயாரானது என்று ஒரு வரி இருக்கிறது. ஓட்ஸும் வயலிலோ ஆலையிலோ கோதுமை, பார்லியோடு கலந்துவிடுவது சாதாரணம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று தனியாகச் சான்று பெறாத ஓட்ஸை இந்தக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சான்று பெற்றதையும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டைத் தாத்தா தின்று தீர்க்கலாம்.

மூன்றாவதுதான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று முன்பக்கமே அச்சிட்டது. அப்படி எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிலோவில் ஏறக்குறைய கால் கிராம் கோதுமை மாவு, அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவாக விழுந்தாலே இந்த எல்லை தாண்டிவிடும். இந்த அட்டையில் அரிசி மாவு, ராகி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை, பாமாயில், பிறகு 412, 415 என்று இரண்டு எண்கள். எண்களைப் பார்த்து வாசகி பயந்திருக்கிறார். 412 என்பது குவார் பிசின். ராஜஸ்தானில் மானாவாரியாக விளையும் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. 415 நுண்ணுயிரை வைத்துத் தயாரிக்கும் சாந்தன் பிசின். குளூட்டன் இல்லாத மாவு ஒட்டாது என்பதால் அதைப் பிடித்து நிறுத்த இவற்றைச் சேர்க்கிறார்கள். மூன்றில் குழந்தைக்குக் கொடுக்கத் தக்கது இந்தப் பாக்கெட் மட்டுமே.

சாப்பிட்டுப் பார்த்ததையும் அவர் எழுதியிருக்கிறார். கடித்ததும் மணல் போல உதிர்ந்ததாம். தாத்தா வழக்கம்போல டீயில் தோய்த்தார், எடுப்பதற்குள் பிஸ்கட் டம்ளர் அடியில் போய்விட்டது. பேத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தின்றாள். "மத்த பசங்க மாதிரி எனக்கும் பாக்கெட்டு இருக்கு ஆயா" என்றாளாம்.

உதிர்வது பழைய சரக்கு என்பதால் அல்ல, இழுத்துப் பிடிக்கும் புரதம் இல்லாததால்தான். தோய்க்காமல் கடித்துக்கொண்டு பால் குடிக்கச் சொல்லலாம். பிரித்த பாக்கெட்டு சீக்கிரம் நமுத்துவிடும். சூடான தோசைக்கல்லில் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும், ஆனால் அந்தக் கல்லில் சப்பாத்தி சுட்டிருக்கக் கூடாது. புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் ஒன்றே ஒன்று கொடுத்துப் பார்த்தால்தான், தொந்தரவு வந்தால் எதனால் என்று தெரியும். தொந்தரவு வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே குடல் புண்ணாகலாம் என்பதால், "சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை" என்பதை மட்டும் வைத்து அட்டையைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. வீட், பார்லி, ரை, மால்ட், செமோலினா என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால், கடையில் நிற்கும் எந்தப் பள்ளிப் பிள்ளையையும் ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். செமோலினா என்றால் ரவை.

நோய் இல்லாதவர்கள், உடம்புக்கு நல்லது என்று நினைத்து இந்த விலை கொடுத்து இதை வாங்க வேண்டியதில்லை. சர்க்கரையும் எண்ணெயும் மற்ற பிஸ்கட்டைப் போலவே இருக்கின்றன. ஸ்டார்ச் அதிகம் என்பதால் நீரிழிவுக்காரர்களுக்கும் இது ஏற்றதல்ல.

இனி வீட்டுக் கதை. தருமபுரிப் பக்கம் கோதுமைச் சாகுபடி இல்லை. அதனால் வாசகியின் வயலில் விளையும் ராகியில் கலப்புக்கு இடமே இல்லை. கலப்பு வருவது மாவு மில்லில். முந்தைய ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன கல்லில் ராகியைப் போட்டால், முதலில் வருவது அவருடைய கோதுமையும் சேர்ந்த மாவு. பெட்டியைத் துடைத்து, இரண்டு கிலோ அரிசியை ஓட்டி அந்த மாவை மாட்டுக்குப் போட்டாலும் கல் இடுக்கில் தங்கியது முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு மட்டும் வாரம் இரண்டு கிலோ மாவு போதும் என்றால், கழுவிக் காயவைத்த ராகியை வீட்டு மிக்ஸியில் அரைத்துத் தனிச் சல்லடையில் சலிப்பதே நிம்மதி. ரேஷன் கோதுமை வந்த சாக்கில் ராகியைக் கட்டி வைக்கும் பழக்கமும் வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள், டப்பாவைப் படித்துப் பார்க்க வேண்டும். வடை பஜ்ஜி போட்ட கடை எண்ணெயில் மைதா போண்டாவும் வெந்திருக்கும்.

வீட்டில் பிஸ்கட் செய்ய, வறுத்த ராகி மாவு நூறு கிராம், மிக்ஸியில் பொடித்த பொட்டுக்கடலை ஐம்பது கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை எழுபது கிராம், நெய் எழுபத்தைந்து கிராம், ஏலக்காய், ஒரு சிட்டிகை சமையல் சோடா எடுத்துக்கொள்ள வேண்டும். நெய்யையும் சர்க்கரையையும் குழைத்து மாவுகளைச் சேர்த்து, உருட்டித் தட்டினால் போதும். விரிசல் விட்டால் ஒரு கரண்டிப் பால். அடிகனமான பாத்திரத்தில் கல் உப்பு பரப்பி, பத்து நிமிடம் மூடிச் சூடேற்றி, உள்ளே ஒரு ஸ்டாண்டு வைத்து, நெய் தடவிய தட்டில் அடுக்கி, சிறு தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம் மூடி வைத்தால் வெந்துவிடும். சூட்டோடு எடுத்தால் உடைந்து போகும். ஆறவிட்டே எடுக்க வேண்டும்.

மகளிர் குழு மூலம் விற்பது நல்ல யோசனைதான். மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில் இயந்திரங்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு. பயிற்சிக்குத் திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்தையும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் அணுகலாம். ஆனால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று மட்டும் இப்போதைக்கு அச்சடிக்க வேண்டாம். கோதுமையே நுழையாத தனி மில், தனி அறை, தனி அடுப்பு, ஆய்வகப் பரிசோதனை எல்லாம் இருந்தால்தான் அந்தச் சொல்லைப் போட முடியும். எங்கோ ஒரு பாட்டி அதை நம்பித்தான் தன் பேத்திக்குக் கொடுப்பார். அதுவரை 'ராகி பிஸ்கட், மைதா சேர்க்காதது' என்று விற்கலாம். ராகி எத்தனை சதவீதம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடட்டும்.

வாசகி கேட்காத ஒன்று பாக்கி. குழந்தை அரசுப் பள்ளியில் படித்தால், காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி எல்லாம் வரும். ஒன்றும் அவளுக்கு ஆகாது. மருத்துவச் சான்றின் நகலைத் தலைமை ஆசிரியரிடமும், சமைக்கும் அம்மாக்களிடம் வாய்மொழியாகவும் சொல்லி வைக்க வேண்டும். பொங்கல் போடும் நாளிலும் பெருங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். மற்ற நாட்களில் இட்லியோ ராகி அடையோ ஒரு தூக்கில் போட்டு அனுப்பினால் போகிறது. பிறந்தநாள் சாக்லேட்டும் கேக்கும் வகுப்பில் வரும் நாளுக்காக, அந்த மூன்றாவது பாக்கெட்டில் ஒன்றைப் பிரிக்காமல் வகுப்பு ஆசிரியையின் மேசையில் கொடுத்து வைக்கட்டும்.