வேலை போன பிறகா உதவி?

காலை மணி எட்டு. பெருவிரைவு ரயிலில் நிற்கவும் இடமில்லை. முன்னுரிமை இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எதிரே நிற்பவர்கள் அவரைப் பார்த்து முகம் சுளிக்கின்றனர். ‘இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த இருக்கை?’ என்ற கேள்வி அவர்களின் பார்வையிலேயே தெரிகிறது. அவருடைய கால்கள் மரத்துப்போயிருப்பதும், எழுந்து நின்றால் அவர் தடுமாறி விழக்கூடும் என்பதும் அங்கு யாருக்கும் தெரியாது. ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பார்கள். வெளியே தெரியாத நோயுடன் வாழ்பவர்களுக்கு இப்பழமொழி நன்கு பொருந்தும்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நரம்பு நோய் உள்ளவர்கள் இத்தகைய பார்வைகளை உண்மையிலேயே எதிர்கொள்கின்றனர். சுருக்கமாக இந்நோயை ‘எம்எஸ்’ என்பர். ரயிலில் ஏற்படும் சங்கடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே பார்வையை வேலையிடத்தில் நாள்தோறும் சந்திக்க நேர்ந்தால், அது ஒருவரின் பிழைப்பையே பறித்துவிடலாம்.

மின்கம்பியைச் சுற்றி நெகிழி உறை இருப்பதைப்போல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி ‘மயலின்’ என்னும் உறை இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் நோய் எதிர்ப்பாற்றல், தவறுதலாக அந்த உறையையே தாக்குவதால் எம்எஸ் உண்டாகிறது. உறை சிதைந்த இடத்தில் மூளையின் கட்டளைகள் தாமதமாகச் செல்கின்றன. சில வேளைகளில் நின்றே போகின்றன. பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி, கடுமையான சோர்வு எனப் பல அறிகுறிகள் தோன்றலாம். இது தொற்றுநோய் அன்று. உலகில் ஏறத்தாழ 2.8 மில்லியன் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. ஐரோப்பாவுடனும் வட அமெரிக்காவுடனும் ஒப்பிடும்போது, நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆசிய நாடுகளில் இது அரிதாகவே காணப்படுகிறது. அதனாலேயே சிங்கப்பூரில் பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

எம்எஸ் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் கண்டறியப்படுகிறது. படிப்பை முடித்து, வேலையில் காலூன்றி, குடும்பத்தைத் தாங்கத் தொடங்கும் பருவம் அது. மேலும், பெரும்பாலோருக்கு இந்நோய் தொடக்கத்தில் வந்து வந்து போகும் தன்மையுடையது. சில வாரங்கள் வாட்டும், பிறகு தணியும். வெப்பம் அதன் அறிகுறிகளைத் தற்காலிகமாக மோசமாக்கும். ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும் நிறைந்த சிங்கப்பூரில், பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை நடப்பதே சிலருக்குப் பாதி நாள் உழைப்பாகிவிடும். “நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள்?” என்று சக ஊழியர் கேட்கும்போது அவர் என்ன பதில் சொல்வார்? நேற்று நன்றாக இருந்ததும் உண்மை; இன்று முடியவில்லை என்பதும் உண்மை.

இங்குதான் ஒரு பெரும் தயக்கம் பிறக்கிறது. நோயைப் பற்றி மேலாளரிடம் சொன்னால், பதவி உயர்வு கைநழுவிப் போகுமோ என்ற அச்சம். சொல்லாவிட்டால், சோர்வைச் சோம்பல் என்றும் தடுமாற்றத்தைக் கவனக்குறைவு என்றும் பிறர் எண்ணிவிடுவர். நேர்முகத் தேர்வுக்குச் செல்பவருக்கோ இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். பேசாமல் தாங்கிக்கொள்பவர், தாங்க முடியாத ஒரு நாளில் தாமாகவே வேலையை விட்டு விலகிவிடுகிறார். அவரைக் கேட்டால் ‘சொந்த விருப்பம்’ என்பார். உண்மையில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

உடற்குறையுள்ளோரின் வேலைவாய்ப்புக்காகச் சிங்கப்பூர் நல்ல முயற்சிகளை எடுத்துள்ளது. 2013ஆம் ஆண்டில் ‘எஸ்ஜி எனேபிள்’ அமைப்பு தொடங்கப்பட்டது. வேலை தேடுவோருக்குப் பயிற்சியும், அவர்களைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு ஆலோசனையும் அது வழங்குகிறது. ஊழியருக்கு ஏற்றவாறு வேலையையும் கருவிகளையும் மாற்றியமைக்க ஆகும் செலவில் 90 விழுக்காடு வரை மானியம் பெறவும் வழி உண்டு. மாதம் 4,000 வெள்ளிக்கும் குறைவாக ஈட்டும் உடற்குறையுள்ள ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் நிறுவனத்திற்கு ஈடுசெய்கிறது. பல மாதங்களாக வேலையின்றி இருந்தவரைச் சேர்த்துக்கொண்டால் கூடுதல் தொகையும் கிடைக்கும். உழைக்கும் வயதுடைய உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினரை 2030ஆம் ஆண்டுக்குள் வேலையில் அமர்த்துவது நாட்டின் இலக்கு.

இவை பாராட்டத்தக்கவை. எனினும், வேலை இழந்தவரை மீண்டும் வேலையில் சேர்ப்பதற்குக் காட்டப்படும் அக்கறை, வேலையில் இருப்பவரை அங்கேயே நிலைக்கச் செய்வதற்கும் காட்டப்பட வேண்டும். எம்எஸ் உள்ளவர் பொதுவாகப் புதிதாக வேலை தேடி வருபவர் அல்லர். அவரிடம் ஏற்கெனவே படிப்பும் அனுபவமும் வேலையும் இருக்கின்றன. அவற்றைக் கைநழுவ விட்டுவிட்டுப் பின்னர் மீட்டுத் தருவது அவருக்கும் துன்பம், நாட்டிற்கும் இழப்பு. வருமுன் காப்பதே சிறந்த உதவி.

இதில் பிரிட்டனின் அணுகுமுறை கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், எம்எஸ் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சக்கர நாற்காலியில் அமரும் நாள்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதரும் கடமையும் முதலாளிக்கு உண்டு. சிங்கப்பூரிலும் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உடற்குறையைக் காரணம் காட்டி ஊழியரைப் பாகுபடுத்துவதை அது தடைசெய்கிறது. ஆனால், ஊழியருக்கேற்ப வேலையை மாற்றித் தரவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 25க்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் அது பொருந்தவும் பொருந்தாது. இந்த இடைவெளியை நிரப்புவது முதலாளிகளின் மனம்தான்.

சிறிய நிறுவனங்களால் இச்சுமையைத் தாங்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. ஐந்து பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் வராவிட்டால் மற்ற நால்வரும் திணறுவர். ஆயினும், எம்எஸ் உள்ளவர் கேட்கும் மாற்றங்களில் பல, செலவே இல்லாதவை. குளிர்சாதனக் காற்று நன்கு வரும் இடத்தில் மேசை. கழிவறைக்கு அருகில் இருக்கை. நெரிசல் நேரத்தைத் தவிர்த்து வந்து செல்ல அனுமதி. நடுவே பதினைந்து நிமிட ஓய்வு. வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை. கடினமான பணிகளைக் காலையில் முடித்துவிட்டு, எளிய பணிகளை மாலைக்கு வைத்துக்கொள்ளும் உரிமைகூடப் பெரிய உதவிதான். 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளைக் கேட்டு ஊழியர் முறைப்படி விண்ணப்பிக்கலாம். நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும்.

இது மற்ற ஊழியர்களுக்கு அநீதி அன்றோ என்ற கேள்வியும் எழக்கூடும். கண்பார்வை குறைந்தவர் கண்ணாடி அணிவதை எவரும் சலுகை என்று சொல்வதில்லை. அவர் பிறரைப்போல வேலை செய்வதற்கு அது ஒரு வழி, அவ்வளவே. எத்தனை மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதைவிட, எந்த வேலையை எவ்வளவு நன்றாக முடித்தார் என்பதைக் கொண்டு மதிப்பிட்டால், யாருக்கும் அநீதி நேராது.

சில வேலைகளைத் தொடர இயலாமல் போவதும் உண்டு என்பதை மறுக்க முடியாது. உயரமான சாரத்தின்மீது நின்று வேலை செய்பவருக்குத் தடுமாற்றம் ஏற்பட்டால், அவர் அங்கே தொடர்வது ஆபத்து. அப்போது வேண்டியது தொழில் மாற்றத்திற்கான வழிகாட்டல். கட்டுமானத்தில் பல ஆண்டு அனுபவம் பெற்றவர், பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவராகவோ திட்டமிடுபவராகவோ மாறலாம். புகழ்பெற்ற செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் டு பிரேயின் விரல்கள் மெல்ல மெல்ல உணர்விழந்தன. 1973ஆம் ஆண்டில் அவருக்கு எம்எஸ் இருப்பது தெரியவந்தபோது அவருக்கு வயது 28. மேடையில் வாசிக்க இயலாத நிலையிலும், தாம் கற்றதை இளைய கலைஞர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தார். கை ஓய்ந்தபோதும் அவருடைய இசையறிவு ஓயவில்லை. அன்று இந்நோயின் போக்கைக் கட்டுப்படுத்த மருந்து இல்லை. அத்தகைய முதல் மருந்து 1993ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்று பத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் உள்ளன. மருத்துவம் இவ்வளவு முன்னேறியிருக்கும்போது வேலையிடம் மட்டும் பின்தங்கியிருக்கலாமா?

ஆகவே, நோய் கண்டறியப்படும் நாளிலேயே வேலையைப் பற்றிய பேச்சும் தொடங்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர், “என்ன வேலை செய்கிறீர்கள்? அதில் எது கடினமாக இருக்கிறது?” என்றும் கேட்க வேண்டும். ஊழியர் தம் நிலையைத் துணிந்து சொல்ல வேண்டும். அந்தத் துணிவைத் தரவேண்டியது மேலாளரின் பொறுப்பு. “உங்களால் முடியுமா?” என்று கேட்கும் மேலாளரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். “என்ன மாற்றம் செய்தால் உங்களால் முடியும்?” என்று கேட்பவரிடம் தயக்கமின்றிப் பேசுவார்கள்.

இன்று பள்ளியில் படிப்பவர்கள் நாளைக்கு ஊழியர்களாகவும் மேலாளர்களாகவும் முதலாளிகளாகவும் ஆவார்கள். தமக்கு அருகில் வேலை செய்பவர் ஒருநாள் சோர்ந்து அமரும்போது, முகம் சுளிக்காமல் காரணம் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். அந்த ஒரு கேள்வி, ஒருவருடைய வேலையைக் காப்பாற்றக்கூடும்.