இரண்டாம் இசைத்தட்டு வராத குழுக்கள்

'கல்ட்' என்னும் சொல் தமிழ்ச் சமூக ஊடகங்களில் இன்று தாராளமாகப் புழங்குகிறது. வெளியான காலத்தில் வசூலில் தோற்றுப் பின்னாளில் கொண்டாடப்பட்ட திரைப்படங்களையே அது பெரிதும் குறிக்கிறது. 'அன்பே சிவம்' (2003), 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) ஆகியவை வழக்கமான எடுத்துக்காட்டுகள். காலம் அவற்றுக்கு நீதி வழங்கியது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. உண்மையில் நீதி வழங்கியவை தொலைக்காட்சி அலைவரிசைகள். ஞாயிறு பிற்பகல்களில் அவை அப்படங்களைத் திரும்பத்திரும்ப ஒளிபரப்பின. திரையரங்கில் பார்க்காத ஒரு தலைமுறை வீட்டுக் கூடத்தில் பார்த்தது. மறுமுறை காணவோ கேட்கவோ வழியில்லாத படைப்புக்கு எத்தனை தரம் இருந்தாலும் 'கல்ட்' தகுதி கிட்டுவதில்லை. புகழின் வாசல்வரை வந்து திரும்பிய பம்பாய் ராக் இசைக்குழுக்களின் கதையை இந்தக் கோணத்திலிருந்து படிப்பதே பொருத்தம்.

மாட்டுங்காவை ஒட்டிய ஷண்முகானந்தா அரங்கம் தமிழரைப் பொறுத்தவரை கர்நாடக இசையின் பம்பாய் முகவரி. சபை 1952இல் தோன்றியது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம் 1963இல் எழுந்தது. 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் மும்பைத் தமிழர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்திகள். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அதே மேடையில் மின்கிதாரும் டிரம்ஸும் முழங்கின என்பதும், கல்லூரி மாணவர்கள் இருக்கைகளைவிட்டு எழுந்து ஆடிய 'பீட்' இசைப் போட்டிகள் அங்கு நடந்தன என்பதும் அந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. தம்பூரா சுருதியைத் தேடிக் கட்டிய அரங்கத்துக்கு அந்த இரைச்சல் விருந்தாளிதான். ஆயினும் விருந்தாளி வந்துபோனதைக் குறித்துவைப்பது வீட்டாரின் கடமை.

அப்போட்டிகளில் இன்று பெயர் தெரிவது 'சிம்லா பீட்'. சிம்லா என்பது இம்பீரியல் டுபாக்கோ நிறுவனத்தின் சிகரெட் வகை. இளைஞர்களிடம் அதனை விற்பதற்காகவே அகில இந்தியப் போட்டி நடத்தப்பட்டது. தேர்வுபெற்ற குழுக்களின் பாடல்களைத் தொகுத்து 1970, 1971 ஆகிய ஆண்டுகளுக்கு இரண்டு நீள் இசைத்தட்டுகள் வெளிவந்தன. சென்னையின் 'கன்ஃபியூஷன்ஸ்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' முதலிய குழுக்கள் அவற்றில் உள்ளன. அயல்நாட்டுப் பாடல்களின் மறுபாடல்களும் சொந்த ஆக்கங்களும் கலந்த தொகுப்புகள் அவை. ஒரு குழுவுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். பெரும்பாலோர்க்கு அதுவே முதலும் கடைசியுமான ஒலிப்பதிவு. இந்திய இளைஞர் இசையின் அரிய ஆவணம் ஒன்று ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பரச் செலவில் உருவானது என்பதைக் கல்விப்புலம் சற்று வெட்கத்துடன்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. விளம்பரத்துக்கு ஆயுள் குறைவு. போட்டி நின்றது, தட்டுகள் பழைய பொருட்கடைகளுக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய நிறுவனம் ஒன்று அவற்றை மறுபதிப்புச் செய்த பிறகே உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அப்பாடல்களை மீண்டும் கேட்டனர். சென்னையின் குழு ஒன்று சென்னையில் மறக்கப்பட்டு, ஐரோப்பியச் சேகரிப்பாளரின் அலமாரி வழியாக மறுபிறப்பு எடுத்தது.

பம்பாயின் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்' குழுவின் கதையும் இதே தடத்தில் செல்கிறது. எழுபதுகளில் அந்நகரின் மேடைகளில் வலுவான பெயர் பெற்றிருந்த குழு அது. அதன் ஒரே நீள் இசைத்தட்டான 'அப்செஷன் 77' கடைக்கு வந்தது 1981இல். அதற்குள் குழு கலைந்துவிட்டது. அமெரிக்காவின் 'நவ் அகெய்ன்' நிறுவனம் 2011இல் அதனை மறுபதிப்புச் செய்தது. அக்குழுவில் பாடிய நந்து பெண்டே, அலீக் பதம்சி 1974இல் பம்பாயில் மேடையேற்றிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசை நாடகத்தில் யூதாஸாக நடித்தவர். 2014இல் அவர் காலமானார். தட்டு ஒன்றாவது இருந்ததால் அட்டாமிக் ஃபாரஸ்ட்டுக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது.

தட்டே இல்லாதவர்களின் நிலை வேறு. சென்னையில் 1948இல் பிறந்த ரமேஷ் ஷோத்தம், தம் சகோதரர் சுரேஷுடன் சேர்ந்து 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்னும் ராக் குழுவை நடத்தினார். எழுபதுகளின் முற்பகுதியில் அக்குழு இந்திய நகரங்களில் பெரிதும் பேசப்பட்டது. நீள் இசைத்தட்டு எதுவும் வெளிவரவில்லை. குழு கலைந்தபின் ரமேஷ், பெங்களூரிலுள்ள கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் தவில் கற்றார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று கொலோன் நகரில் தங்கி, ஜாஸ் உலகில் மதிக்கப்படும் தாளக் கலைஞரானார். ராக் டிரம்ஸிலிருந்து தவிலுக்குச் சென்ற அந்தப் பயணம் தமிழிசை ஆய்வாளர் எவரையும் ஈர்க்க வேண்டியது. ராக் மேடையில் உருவான கைப்பழக்கம் தவிலின் சொற்கட்டுகளைக் கற்கையில் உதவியதா, இடறியதா? இக்கேள்விக்கு விடைதேட ஒப்பிட்டுக் கேட்பதற்கு முற்பகுதியின் ஒலி வேண்டும், அதுதான் இல்லை.

இக்குழுக்கள் ஏன் புறக்கணிக்கப்பட்டன என்று கேட்டால் உடனே வரும் விடை, 'அவர்கள் நகலெடுத்தவர்கள்' என்பது. அயலார் பாட்டை அயலார் உச்சரிப்பில் பாடியவர்களுக்கு வரலாறு எதற்கு என்பது அதன் உட்கிடை. மொழியியல் இக்குற்றச்சாட்டை ஏற்காது. பீட்டர் ட்ரட்கில் 1983இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியப் பாப் பாடகர்களின் உச்சரிப்பை ஆராய்ந்தது. பேசும்போது ஒலிக்காத ரகரத்தைப் பாடும்போது அமெரிக்கர் போல ஒலித்தவர்கள் அவர்கள். பீட்டில்ஸும் விலக்கல்லர். தொடக்க காலத் தட்டுகளில் மிகுந்திருந்த அந்த அமெரிக்கச் சாயல் பிற்காலத் தட்டுகளில் குறைந்துகொண்டே போனதை அவர் எண்ணிக்கையுடன் காட்டினார். 1963இல் வந்த அவர்களின் முதல் நீள்தட்டில் பதினான்கு பாடல்கள். அவற்றுள் ஆறு பிறருடையவை. ஆக, லிவர்பூல் இளைஞர்களும் நகலில்தான் தொடங்கினர். அவர்களுக்கு ஏழெட்டு ஆண்டுகளும் அடுத்தடுத்த இசைத்தட்டுகளும் கிடைத்தன. நகலிலிருந்து தம் குரலுக்கு வந்துசேர அந்த அவகாசம் போதுமானதாக இருந்தது. பம்பாய்க் குழுவுக்குக் கிடைத்தது ஒரு தொகுப்பின் ஓரத்தில் ஒற்றைப் பாடல். இரண்டாம் தட்டு வராத குழுவைப் பார்த்து 'நகல்' என்று தீர்ப்பெழுதுவது, முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்ட குழந்தையின் கையெழுத்தைக் குறைசொல்வதற்கு ஒப்பாகும்.

அவகாசம் கிட்டாமைக்குப் பொருளியல் காரணங்கள் வெளிப்படை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் நல்ல மின்கிதாரும் ஒலிபெருக்கியும் எட்டாக்கனிகளாக இருந்தன. இசைத்தட்டுச் சந்தை திரைப்பாடலைச் சுற்றியே இயங்கியது. வானொலியில் ராக்குக்கு இடம் சொற்பம். அந்நகரின் ராக் வரலாற்றில் அதிகம் சொல்லப்படும் கதை எது என்று பார்த்தாலே நிலைமை விளங்கும்: 1972இல் லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் கொலாபாவின் 'ஸ்லிப் டிஸ்க்' கேளிக்கை விடுதியில் ஓரிரவு வாசித்த கதை. அம்மேடையை ஏனைய இரவுகளில் தாங்கியவர்களின் பெயர் அக்கதையில் பெரும்பாலும் வருவதில்லை.

அடுத்த தலைமுறைக்கு அவகாசம் ஓரளவு கிடைத்தது. 1984இல் தோன்றிய 'ராக் மெஷின்', சொந்தப் பாடல்களுடன் 1988இலும் 1990இலும் இரு இசைத்தொகுப்புகள் வெளியிட்டது. 1993இல் 'இண்டஸ் கிரீட்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்த புதிதில் அவர்களின் காணொளிகள் ஆசியா முழுவதும் ஓடின. வாசல் திறந்துவிட்டதுபோலவே தோன்றியது. அதே அலைவரிசைகள் தொண்ணூறுகளின் நடுவில் இந்தித் திரைப்பாடலுக்குத் திரும்பின. 1997இல் குழு கலைந்தது. 2010இல் மீண்டும் கூடி, 2012இல் புதிய தொகுப்பு ஒன்றையும் தந்தனர். அதற்குள் அவர்கள் ஒரு தலைமுறையின் நினைவுப்பொருளாகியிருந்தனர்.

அதே தொண்ணூறுகளில் மாட்டுங்காவும் செம்பூரும் புகழின் உச்சிக்கு ஆட்களை அனுப்பின என்பதை மறக்கலாகாது. மாட்டுங்காவில் பள்ளிக்கல்வி பெற்ற ஹரிஹரன், லெஸ்லி லூயிஸுடன் சேர்ந்து 1996இல் 'கலோனியல் கசின்ஸ்' தொகுப்பை வெளியிட்டார். செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனின் 'பிரெத்லெஸ்' 1998இல் வந்தது. முன்னதில் கிதாரின் மேல் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' ஒலித்தது. பின்னதைத் தாங்கியது செவ்வியல் பயிற்சி பெற்ற மூச்சு. இருவரின் ஆற்றலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் சபையின் சாயல் கேட்டபோதுதான் சந்தை கதவைத் திறந்தது என்னும் உண்மை நெருடுகிறது. இந்தியராக ஒலித்தால் புகழ், ராக்காக மட்டும் ஒலித்தால் நகல் என்ற அளவுகோலை யார் வகுத்தார்? வயலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்க நீண்ட காலம் எடுத்துக்கொண்ட சமூகம், மின்கிதாருக்கு இரண்டு பத்தாண்டுகூடத் தரவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பாடிய இக்குழுக்கள் கான்வென்ட் படிப்பும் வசதியும் பெற்றவர்களின் விளையாட்டு. உழைக்கும் தமிழரின் வரலாறே முழுமையாக எழுதப்படாதபோது இவர்களுக்கு ஆய்வு எதற்கு? இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஷண்முகானந்தா அரங்கம் இரயில் பாதைக்குக் கிழக்கே, தாராவி மேற்கே. 1970இல் அப்போட்டிகளின் நுழைவுச்சீட்டு பாதையைக் கடந்து தாராவிக்குள் சென்றிருக்க வாய்ப்பு மிகக்குறைவு. தோல் பதனிடவும் பானை வனையவும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மின்கிதார் என்பது கடைக்கண்ணாடிக்குள் இருந்த பொருள். வர்க்கத்தின் இந்த எல்லைக்கோடு ஆய்வின் மையக்கேள்வியாக வேண்டுமேயன்றி, ஆய்வைத் தவிர்க்கும் சாக்காகக் கூடாது.

ஏனெனில் அதே கதை இப்போது பாதையின் மறுபுறம் நடக்கிறது. ராக்குக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். ராப்புக்குக் குரலும் கைப்பேசியும் போதும். தாராவியின் 'டோப்படெலிக்ஸ்' குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் எனத் தெருவில் கேட்கும் மொழிகளிலெல்லாம் பாடியது. பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) படத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில் 'செம்ம வெயிட்டு' பாடலில் அவர்களின் குரல் தமிழகம் முழுவதும் ஒலித்தது. ரஜினிகாந்தின் படத்தில் இடம்பெறுவதைவிடப் பெரிய வாசல் தமிழில் இல்லை. அடுத்த ஆண்டே 'கல்லி பாய்' வந்து தாராவி ராப்பை இந்தி உலகின் பேச்சுப்பொருளாக்கியது. கவனம் பின்னர் தனிப்பாடகர்களையும் பெருநிறுவனங்களையும் நோக்கி நகர்ந்தது. தாராவித் தமிழ் ராப்புக்கு அந்த வாசலுக்கு அப்பால் என்ன கிடைத்தது என்று கேட்போர் குறைவு.

மும்பைத் தமிழைப் பதிவுசெய்யும் ஆவணமாகவும் அப்பாடல்கள் முக்கியமானவை. திருநெல்வேலி வழக்கும் பம்பையா இந்தியும் ஒரே அடியில் மோதிக்கொள்ளும் இடம் அது; மொழிமாற்றம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது, எதுகைக்காக எந்த மொழி வளைகிறது என்பவற்றை வகுப்பறை எடுத்துக்காட்டுகளைவிட அவை தெளிவாகக் காட்டும். அவை இருப்பதோ அயல்நாட்டு நிறுவனங்களின் தளங்களில். கணக்கு ஒன்று முடங்கினால் பாடல் மறையும். சிம்லா பீட் தட்டாவது பழைய கடையில் தூசிபடிந்து கிடந்தது. பாடல்களை நினைவில் வைத்திருக்கும் சமூகமும் கலையும் நிலையில் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் 2022 நவம்பரில் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்பு என்னும் தகுதிக்குள் வராத குடும்பங்கள் தாராவிக்கு வெளியே செல்ல நேரும். பாடிய தெருவும் கேட்ட தெருவும் ஒன்றாக இருந்த நிலை அத்துடன் முடியும்.

பல்கலைக்கழகத் துறைகள் செய்யக்கூடியது பெரிய நிதியைக் கோருவதன்று. 1970இல் இருபது வயதினராக மேடையேறியவர்கள் இன்று எழுபத்தைந்தை ஒட்டியவர்கள். அவர்களின் வீடுகளில் ஒலிநாடா இருக்கலாம், போட்டியின் அழைப்பிதழ் இருக்கலாம், கைப்பட எழுதிய பாடல் வரிகள் இருக்கலாம். முதுகலை மாணவர் ஒருவர் பருவத் திட்டக்கட்டுரைக்காக ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் மாட்டுங்காவில் ஒருவரையும் தாராவியில் ஒருவரையும் சந்திக்கலாம். இருவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்கலாம்: முதல் பாட்டை எந்த மொழியில் எழுதினீர்கள், யார் அதைக் கேட்டார்கள், அது இப்போது எங்கே இருக்கிறது.