வீடு அவள் பேரில், விசா அவர் பேரில்

நிந்தவூரில் இன்றைக்கு ஒரு கலியாணப் பேச்சு தொடங்கினால் மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார் என்பது முதல் கேள்வி. ஃபெமிலியை எடுப்பாரா என்பது இரண்டாவது. "எடுப்பாரு" எண்டு பதில் வந்தால் சபை குளிர்ந்துபோகும். தேத்தண்ணி வரும், திகதி குறிக்கப்படும். அந்த விசாவில் எங்கட புள்ளைக்கு வேலை செய்ய ஏலுமா? அவருக்கு வேலை போனால் இவளுக்கு என்ன நடக்கும்? உம்மாவுக்குச் சுகமில்லை எண்டால் இவள் தானாக டிக்கட் போட்டு ஊருக்கு வர ஏலுமா? இதையெல்லாம் கேட்க அந்தச் சபையில் ஒருத்தரும் இல்லை. யாராவது இளம் ஆள் வாயைத் திறந்தால், "கலியாணம் முடியிறதுக்கு முன்னமே ஏன் பிரியிறதப் பத்திப் பேசுற?" எண்டு அடக்கிவிடுகிறார்கள்.

நாங்கள் வெளிநாடு போவதற்கு எதிரானவர்கள் இல்லை. 2022 இல் இந்த நாடு எரிபொருளுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனார்கள். இவர்களைப் பார்த்து நாட்டுப்பற்று இல்லை எண்டு சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. அதோடு, வாப்பாவை ஃபோன் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இந்தக் கரையோரம் முழுக்க இருக்கிறது. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, பிள்ளை பழகத் தொடங்கும்போது லீவு முடிந்து திரும்பிய வாப்பாமார் எத்தனை பேர்! அந்தப் பிரிவோடு பார்த்தால் குடும்பமாகப் போவது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால், குடும்பமாகப் போகும்போது அந்தக் குடும்பத்துப் பெண் எந்த நிலையில் போகிறாள் என்பதைக் கேட்காமல் இந்த ஊர் கொண்டாடுகிறது. எங்கட சண்டை அதோடுதான்.

எங்கட ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்களுக்குக் குடி உம்மா வழியாகத்தான் வருகிறது. கலியாணம் முடித்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு அவள் பேரில் எழுதப்படுகிறது. பக்கத்து வளவில் உம்மா, அடுத்த வளவில் ராத்தா, பின்னால் சாச்சி. பிள்ளை கிடைத்தால் தூக்க நாலு கை, புருசன் கை நீட்டினால் கேட்க நாலு வாய். நாட்டின் மற்றப் பகுதிகளில் பெண்களுக்குக் கிடைக்காத ஒரு பலம் இது. அதே வழக்கத்தின் இருட்டுப் பக்கமும் எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டைக் கட்ட வாப்பா கடனாளியாகிறார், காக்கா கட்டாருக்குப் போகிறார், சில குடும்பங்களில் உம்மாவே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். கடலுக்கும் வட்டைக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கிற இந்த ஊரில் காணி வாங்கி வீடு கட்டுவது சும்மா வேலையில்லை. சீதன வீட்டை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த வீடு இருக்கும் வரைக்கும் அவளுக்குக் கால் ஊன்ற ஒரு இடம் இருந்தது என்பதை மறைக்கவும் மாட்டோம்.

விமானம் ஏறியதும் இது தலைகீழாகிறது. சவூதியில் குடும்ப விசாவில் போகும் மனைவியின் இக்காமாவில் 'முராபிக்' எண்டு போட்டிருக்கும். கூட வந்தவர் எண்டு அர்த்தம். அவளுக்குப் பொறுப்பாளி கணவன். ஊருக்கு வந்து திரும்பிப் போக வேண்டிய எக்ஸிட் ரீ-என்ட்ரியை அவர்தான் தன் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். உம்மா மௌத்தானாலும் அவர் எடுத்தால்தான் வரலாம். எமிரேட்ஸில் மனைவி பிள்ளைகளை அழைக்க மாதம் 4000 திர்ஹம் சம்பளம், அல்லது 3000 திர்ஹமும் தங்குமிடமும் காட்ட வேண்டும். கட்டாரில் 2021 இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1000 ரியால். அந்தச் சம்பளக்காரருக்குக் குடும்பத்தை எடுப்பது கனவு. ஆகவே ஃபெமிலியை எடுப்பது என்பதே கொஞ்சம் வசதியானவர்களின் கதை. ஆனால் அந்த வசதியும் ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு வேலையில் தொங்குகிறது.

அது அறுந்தால் என்ன நடக்கும் எண்டு எங்கட ஊர் ஏற்கனவே பார்த்துவிட்டது. 2017 ஜூலையில் சவூதி அரசு வெளிநாட்டுத் தொழிலாளியின் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 100 ரியால் வரி போட்டது. வருசா வருசம் 100 ஏறி 2020 இல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் எண்டால் மாதம் 1600 ரியால், சோறு தின்னும் முன்னமே. அப்போது யார் திரும்பினார்கள்? வரி போட்டது மனைவி பிள்ளைகள் மேல், ஆகவே எக்ஸிட் அடித்து வந்ததும் அவர்கள்தான். இங்கிலீஷில் படித்த பிள்ளை நடுவில் வந்து தமிழ் மொழிமூல வகுப்பில் குந்தியது. பின்னால் கொவிட் வந்து, வேலை போன வாப்பாமாரும் திரும்பினார்கள். வளைகுடாவில் பிறந்தாலும் அங்கேயே பள்ளிக்கூடம் போனாலும் அந்தப் பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. "செட்டில் ஆயிட்டாங்க" எண்டு நாங்கள் சொல்லும் வார்த்தை அங்கே பொருந்தவே பொருந்தாது. வேலை இருக்கும் வரைக்கும் இருப்பு, அவ்வளவுதான்.

"லண்டன் அப்படி இல்லையே" எண்டு சொல்வீர்கள். உண்மைதான், அங்கே டிபென்டன்டாகப் போனவருக்கு வேலை செய்யலாம். ஆனால் கதவு அடிக்கடி மாறுகிறது. 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்கு, ஆய்வுப் பட்டம் செய்பவர்களைத் தவிர மற்ற மாணவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தை அழைக்க முடியாது. அதே வருடம் மார்ச் 11 முதல் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களும் அழைக்க முடியாமல் போனது. உள்ளே போனவர்களுக்கும், உறவு முறிந்தால் அந்த விசாவில் தொடர்ந்து இருக்க ஏலாது.

இந்த லண்டன் கதையில்தான் எங்கட ஊரின் இரட்டை முகம் வெளியே வந்தது. கதவு திறந்திருந்த காலத்தில் படிக்கவும் பராமரிப்பு வேலைக்கும் பெண் முதல் விண்ணப்பதாரியாகவும் கணவன் டிபென்டன்டாகவும் போன குடும்பங்கள் உண்டு. ஊர் என்ன சொன்னது? "பொண்டாட்டிட விசாவுல போயிருக்கான்" எண்டு சந்தியில் நின்று சிரித்தது. அப்போ தெரிகிறது, டிபென்டன்ட் எண்டால் என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு நல்லாகவே விளங்கும். இன்னொருவரின் கையை எதிர்பார்த்து வாழ்வது குறைச்சல் எண்டும் தெரியும். ஒரு ஆம்புள அந்த இடத்தில் இருந்தால் அது மானப் பிரச்சினை. பொம்புள இருந்தால் அதிர்ஷ்டம்! இந்தக் கணக்கை எங்களுக்கு விளங்கப்படுத்துங்கள், பார்ப்போம்.

அடுத்தது வீடு. லண்டனுக்கோ கனடாவுக்கோ போக இலட்சக்கணக்கில் காசு வேண்டும். வங்கியில் காட்டவும் வேண்டும், ஏஜென்சிக்குக் கொடுக்கவும் வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் அவள் பேரில் இருக்கும் வீட்டை ஈடு வைக்கிறார்கள், அல்லது விற்கிறார்கள். இருபது வருசம் வாப்பாவும் காக்காவும் வெயிலில் நின்று உழைத்த வீடு, ஒரு விசாவாக மாறுகிறது. அந்த விசாவில் முதல் பெயர் அவருடையது. கலியாணம் பிழைத்துப்போய் அவள் திரும்பி வந்தால் நிற்க வளவும் இல்லை. வீட்டை விற்காதவர்கள் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள்.

கையெழுத்து விசயத்தையும் பாருங்கள். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி நடக்கும் பதிவில் மணப்பெண் கையெழுத்துப் போடுவதில்லை. வலி போடுகிறார், மாப்பிள்ளை போடுகிறார். ஆனால் அவளுடைய வீட்டை விற்கும் நாளில் நொத்தாரிசுக்கு முன்னால் அவள் கட்டாயம் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதம் சொல்லத் தேவைப்படாத கை, சொத்தை விட்டுக்கொடுக்கத் தேவைப்படுகிறது. இந்தச் சட்டத்தைத் திருத்த ஆராய்வதற்கு 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை கைக்கு வர 2018 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அரசும் இதே மாதிரித்தான். ஒரு ஏழைப் பெண் வீட்டு வேலைக்குப் போக 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது எண்டார்கள். 2022 இல் டொலர் இல்லாமல் போனதும் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். உழைக்கப் போகும் உம்மாவிடம் பிள்ளையை யார் பார்ப்பது எண்டு ஆயிரம் கேள்வி. உழைக்கப் போகும் வாப்பாவிடம் ஒரு கேள்வியும் இல்லை. மனைவியாகப் போகும் பெண்ணிடமோ, அங்கே நீ எப்படி வாழப் போகிறாய் எண்டு கேட்க யாருமில்லை.

எப்படி வாழ்கிறாள்? உம்மாவும் ராத்தாவும் சுற்றியிருந்த பெண், நாலாம் மாடியில் ஒரு அறை வீட்டில் பிள்ளையோடு இருக்கிறாள். அவர் விடிய வேலைக்குப் போய் இரவு வருகிறார். பிள்ளைப்பேற்றுக்கு நாற்பது நாள் பார்க்க ஆளில்லை. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதும், குர்ஆன் ஓதிக்கொடுப்பதும், ஊர்ப் பழக்கம் போகாமல் பார்ப்பதும் அவள் தலையில். பிள்ளை நல்லா வந்தால் "வாப்பா கஷ்டப்பட்டு வளத்தாரு", கொஞ்சம் மாறினால் "உம்மா சரியில்ல". ஒலுவிலில் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்து, எங்களை விட நல்ல புள்ளி எடுத்த பெண்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பட்டச் சான்றிதழ் உம்மா வீட்டு அலுமாரியில் கிடக்கிறது.

"மனைவிக்குச் செலவு கொடுப்பது கணவனின் கடமை, அவள் ஏன் உழைக்கணும்?" எண்டு எங்களுக்கு மார்க்கம் சொல்ல வருவார்கள். சரி, மார்க்கப்படி குடியிருக்க வீடு கொடுப்பதும் கணவனின் கடமைதானே? அந்த வீட்டை மட்டும் ஏன் பெண்ணின் வாப்பாவிடம் வாங்கினீர்கள்? நிக்காஹ்வில் நிபந்தனை போடுவது பற்றியும் பேசுவோம். எங்கட ஷாபிஈ மத்ஹபில், அவளை ஊரை விட்டுக் கூட்டிப் போகக்கூடாது என்பது மாதிரி நிபந்தனைகள் கணவனைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் ஹன்பலி மத்ஹபில் அது செல்லும். அவர் மீறினால் கலியாணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவளுக்கு உண்டு. ஹன்பலி மத்ஹப் எங்கே நடைமுறையில் இருக்கிறது? நீங்கள் வேலைக்குப் போகிற அதே சவூதியில். அங்கே படிப்பைத் தொடரவும் வேலைக்குப் போகவும் பெண்கள் நிக்காஹ் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதுகிறார்கள். அங்கேயிருந்து அபாயாவும் அத்தரும் கொண்டுவரத் தெரிந்த எங்களுக்கு இதை மட்டும் கொண்டுவரத் தெரியவில்லை.

ஆகவே வாப்பாமாரிடமும் காக்காமாரிடமும் மரைக்காயர்மாரிடமும் நாங்கள் கேட்பது பெரிய விசயம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் விசா எந்த வகை, அதில் மனைவிக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, வேலை போனாலோ பிரிந்தாலோ அவளுடைய நிலை என்ன என்பதைப் பேச்சு நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள். அவள் பேரில் உள்ள வீட்டை விசாவுக்காக விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டும் எண்டால் அந்தக் காசு அவளுக்குக் கொடுபட வேண்டிய கடன் எண்டு எழுத்தில் எடுங்கள். அவளுடைய கடவுச்சீட்டு அவள் கையில் இருக்கட்டும், ஊருக்கு வர ஒரு டிக்கட் காசு அவள் கணக்கில் இருக்கட்டும். அங்கே பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உம்மா வழியாகவும் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வரும் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள்.

எங்கட வகுப்புப் புள்ளைகளுக்கும் ஒன்று. பட்டச் சான்றிதழை அலுமாரியில் வைக்காதீர்கள். போவதற்கு முன்னமே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பெட்டியில் முதலில் அதை வையுங்கள். அவர் எந்த நாட்டுக்கு எடுக்கிறாரோ அந்த நாட்டு விசா விதிகளை நீங்களே வாசியுங்கள். சபையில் ஒருத்தரும் கேட்காத கேள்விகளை, நிக்காஹ்வுக்கு முன்னால் நீங்களே அவரிடம் நேரே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற ஒருவரை நம்பிக் கடல் தாண்ட வேண்டாம்.