முறையீட்டுக்கு ஊரவையே மன்றம்!

திங்கட்கிழமை விடிந்தால், கீழ்பென்னாத்தூரில் செஞ்சிச் சாலையோரம் பேருந்துக்குக் காத்து நிற்போருள் சிலர் கையில் மடித்த தாளொன்று இருக்கும். ஏரிக்கால் மண்ணடைந்து கிடப்பதோ, நிலப்பட்டாவில் பெயர் பிழைபட்டதோ, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதோ, சுடுகாட்டுக்கு வழியில்லாததோ அதில் எழுதப்பட்டிருக்கும். அதனை ஏந்தித் திருவண்ணாமலை சென்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்புவர். அத்தாளோ மேலிருந்து கீழிறங்கி, வட்டாட்சியர்க்கோ ஒன்றிய அலுவலகத்துக்கோ, அஃதாவது புறப்பட்ட கீழ்பென்னாத்தூருக்கே, வந்து சேரும்! இவ்வளவு சுற்றும் எதற்கு?

முறையீடு என்றாலே அரண்மனை வாயில் நோக்கி நடக்க வேண்டும் என்னும் பழைய எண்ணம் இன்னும் மாறவில்லை. ஆராய்ச்சி மணி கட்டிய மன்னனைப் போற்றிப் பழகிய நெஞ்சம், மணியடித்தவனுக்கு உரிமை இருந்ததா, அன்றி மன்னனுக்கு இரக்கம் இருந்ததா என்று கேட்டுப் பார்ப்பதில்லை. மன்னன் போய்விட்டான், மணி மட்டும் ஆட்சியர் அலுவலக வாயிலில் தொங்குகிறது.

ஊருக்கென்று ஓர் அவை இல்லாமலில்லை. அரசமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை எனப்படும் ஊரவையின் உறுப்பினரே. ஆண்டுக்கு நான்கு நாள் கூடிய அவை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு நாள் கூடுவதாயிற்று. 500 பேர்க்கு உட்பட்ட ஊராட்சியெனில் 50 பேரும், 10,000க்கு மேற்பட்டதெனில் 300 பேரும் வந்திருத்தல் வேண்டுமென்று விதி தலைகளை எண்ணுகிறது. ஆனால் வந்த தலைகள் வாய் திறந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் நெறி வகுக்கப்படவில்லை. எவற்றைப் பேசுவது என்னும் பட்டியல் சென்னையிலிருந்து வருகிறது. அதனைப் படித்து முடித்து, ஒப்பம் வாங்கி, தேநீர் கொடுத்த பின்னர், நேரமிருந்தால் ஊரார் குறை! பல ஊர்களில் அந்நேரம் இருப்பதேயில்லை.

அரசமைப்பின் 350ஆம் பிரிவைத் தமிழர் பலர் அறியார். எவரும் தம் குறையைத் தீர்க்குமாறு எந்த அலுவலர்க்கும் ஆளுமைக்கும், நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையிடலாம் என்கிறது அது. தமிழில் எழுதும் உரிமை அதனாற் கிடைத்தது. மறுமொழி பெறும் உரிமை கிடைக்கவில்லை. கொடுப்பவர்க்கு உரிமையும் பெறுபவர்க்குக் கடமையின்மையும் சேர்ந்தால் அஃது உரிமையாகாது, இரத்தலேயாகும்.

பிறர் இதனைக் கண்டுகொண்டனர். இராசத்தானில் 2012இலும் பீகாரில் 2015இலும், முறையீட்டைக் குறித்த நாளுக்குள் உசாவுதலைக் கடமையாக்கிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கேரளத்தில் உறுப்பினருள் பத்து விழுக்காட்டினர் எழுதிக் கேட்டால் சிறப்பு ஊரவை கூட்டியாகவேண்டும். அடுத்தடுத்து இருமுறை ஊரவை கூட்டத் தவறிய உறுப்பினர் பதவியிழப்பார். சுவிட்சர்லாந்தின் கிளாருசு மாநிலத்தில், வாக்காளர் ஒருவர் தனியராகவே மக்கள் பேரவைக்கு முன்மொழிவு கொடுக்கலாம். அண்டைச் சேரநாட்டினர்க்குக் கைகூடியது தமிழ்நாட்டார்க்கு ஏன் கூடாது?

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி மார்தட்டுதல் இங்கே வழக்கம். முதற் பராந்தகன் காலத்துக் (கி.பி. 919, 921) குடவோலை முறை வியத்தற்குரியதே, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரலாகாது என்ற விதியொன்றே இன்றைய கட்சிக்காரர் பலரை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆயினும் அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊரின் அவை. நிலமும் மறையறிவும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவனும் பெண்டிரும் அதில் இல்லை. எனவே வேண்டுவது பழையதன் மீட்பன்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் பேச்சுமன்று. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றையடுத்த மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் உழவர் போராடினர். அவ்வாண்டு நவம்பரில் எழுவர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் அறுவர்மீதான ஆணை சில நாளிலேயே நீக்கப்பட்டது. நிலத்தை விடமாட்டேன் என்பவன் சொல்லைக் கேட்டுப் பதிவுசெய்து மறுமொழி கூறவேண்டிய மன்றம் ஊரிலேயே சட்டப்படி இருந்திருந்தால், சிறைக்கதவு திறந்திருக்குமா? பரந்தூர் வானூர்தி நிலையத்துக்கெதிராக ஏகனாபுரம் ஊரவை 2022 முதல் முடிவுமேல் முடிவாக நிறைவேற்றியது. 2024 நவம்பர் 23இல் மேலூர் வட்டார ஊரவைகள் அரிட்டாபட்டிச் சுரங்கத்தை மறுத்தன. சட்டமன்றத் தீர்மானமும் மக்கள் ஊர்வலமும் சேர்ந்தபின், 2025 சனவரி 23இல் நடுவணரசு ஏலத்தை விட்டது. ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. எதனாற் பலிக்கும் என்பதைச் சட்டம் சொல்லாதவரை, கூட்டத்தின் அளவே சட்டமாகும்.

ஆகவே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஊராட்சிச் சட்டத்தில் முறையீட்டுக்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தல் வேண்டும். தனியொருவர் தமிழில் எழுதிக் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிப் பற்றுச்சீட்டு தரவேண்டும். அடுத்த ஊரவையில் மேலிடப் பட்டியலுக்கு முன்னதாக அதனைப் படிக்கவேண்டும். ஊராட்சியால் ஆகாததெனின், அவையின் கருத்தோடு உரிய துறைக்கு அனுப்பி, குறித்த நாளுக்குள் எழுத்தில் மறுமொழி பெறவேண்டும். மறுமொழி தராத அலுவலர் தண்டம் கட்டவேண்டும். தகவலுரிமைச் சட்டம் 2005இலேயே 30 நாள் என்று எல்லை வகுத்துத் தண்டமும் விதித்திருக்க, இதற்கு மட்டும் முடியாதென்பது சாக்கு.

இதில் ஓர் இடர் உண்டு, மறைத்தற்கில்லை. சேரியிலிருந்து வரும் முறையீட்டை, ஊர்ப்பெருந்தனக்காரர் கூடிய அவையில் யார் துணிந்து படிப்பார்? சுடுகாட்டு வழியை மறித்தவரே முன்வரிசையில் அமர்ந்திருப்பார். எனவே கொடுத்தவர் விரும்பினால் பெயர் மறைத்துப் படிக்கவும், அவை தள்ளியதை மேல்முறையிடவும் இடம் வேண்டும். இல்லையேல் ஊரவை ஊர்ச்சாதியின் அவையாகிவிடும்.

கீழ்பென்னாத்தூரோ பேரூராட்சி, சுற்றியுள்ள சிற்றூர்களுக்குள்ள கிராம சபை அதற்கில்லை. நகர்ப்புறத்துக்கெனப் பகுதி அவை விதிகள் 2022இல்தான் வந்தன. சிற்றூர்களிலோ 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவிக்காலம் 2025 சனவரி 5இல் முடிய, தேர்தல் நடத்தப்படாமல் தனி அலுவலர் கைக்கு ஊராட்சிகள் போயின. தலைவர்க்குக் காலவரை உண்டு. வாக்காளர் அனைவரும் உறுப்பினராகிய ஊரவைக்கோ காலவரை இல்லை. இத்தொகுதியிலிருந்து சென்றவர்தாம் 2021இல் சட்டப்பேரவைத் துணைத்தலைவரானார். அப்பேரவைக்கு மனுக்கள் குழு உண்டு. அதனையொத்த ஒன்றைத் தம்மூர் அவைக்கும் கேட்கும் தாளைத்தான் கீழ்பென்னாத்தூரார் அடுத்த திங்கட்கிழமை எழுதவேண்டும்.