எட்டு வயதில் ஏன் கழிக்க வேண்டும்?

எங்கள் திருக்கடையூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதைக் கொண்டாட வருகிறவர்கள். அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த தலம் அல்லவா! தினமும் தம்பதிகள் மாலையும் கழுத்துமாக வந்து நிற்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, எட்டு வயதே ஆன ஒரு கம்ப்யூட்டரை “ஆயுசு முடிஞ்சு போச்சு சார், புதுசா வாங்கிடுங்க” என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை.

சொன்னவர் ஒரு கடைக்காரர். பொருள், என் மகள் வயிற்றுப் பேரன் 2018-ல் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர். அவன் இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் அதில் விளையாடுவான். மற்ற நாட்களில் அது என்னுடையது. இந்தப் பக்கத்தில் எழுதுவது, பேங்க் கணக்கு பார்ப்பது, பிரெஞ்சுப் பத்திரிகை படிப்பது எல்லாம் அதில்தான்.

இப்போது கேள்வி எழுந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவன் விளையாடும் ‘வேலரண்ட்’ என்ற விளையாட்டு நடுநடுவே திக்கித் திக்கி ஓடுகிறது. இரண்டு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால் இந்தக் கம்ப்யூட்டரின் பிராசஸர் அவர்களுடைய பட்டியலில் இல்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல்தான் பெரும்பாலும் அனுமதி. எங்களுடையது 2017-ல் வெளிவந்த ரைசன் 5 1600. ஒரே ஒரு வரிசையில் தவறிவிட்டது! பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டரில் பென்ஷன் பணம் இருக்கும் கணக்கைத் திறப்பது, கொல்லைக் கதவைத் தாழிடாமல் தூங்குவது மாதிரி. ஆகவே ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். புதிதாக வாங்குவதா, பிராசஸரை மட்டும் மாற்றுவதா?

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு பழைய ஜீப்பையோ டைப்ரைட்டரையோ கழிவு செய்ய வேண்டுமானால் (பேச்சில் ‘கண்டம்’ பண்ணுவது என்போம்), “பழசாகிவிட்டது” என்று எழுதினால் ஃபைல் திரும்பி வந்துவிடும். எந்த பாகம் கெட்டது, பழுதுபார்க்க எவ்வளவு ஆகும், பழுதுபார்த்தால் இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்று குறிப்பு வைக்க வேண்டும். செலவு கட்டுப்படியாகாது என்று தகுதியுள்ளவர் சான்று தர வேண்டும். அப்போது அது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், வீட்டுக்கும் அதே நடைமுறைதான் நல்லது என்று படுகிறது.

முதல் கேள்வி: எந்த பாகம் பின்தங்குகிறது? கேமிங் கம்ப்யூட்டரில் முக்கியமாக இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பிராசஸர் ஒரு குமாஸ்தா. யார் எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது என்று கணக்கெழுதிக் குறிப்பு அனுப்புவது அவர். கிராபிக்ஸ் கார்டு ஓவியர். குறிப்பைப் பார்த்து நொடிக்கு அறுபது, நூறு என்று படம் வரைந்து தள்ளுவார். குறிப்பு தாமதமானால் ஓவியர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஓவியர் மெதுவானவர் என்றால், குமாஸ்தாவை மாற்றிப் பயனில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளையாட்டின் செட்டிங்கில் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்ப்பது. வேகம் கூடினால் ஓவியர்தான் திணறுகிறார். கூடவே இல்லை என்றால் குமாஸ்தா. பேரன் பொங்கல் விடுமுறையில் பார்த்தான். வேகம் அசையவில்லை. கிராபிக்ஸ் கார்டை அவன் இரண்டு வருஷத்துக்கு முன்புதான் மாற்றியிருந்தான், அதனால் எங்கள் விஷயத்தில் குமாஸ்தாதான்.

இரண்டாம் கேள்வி: என்ன செலவு? இங்கேதான் ஏஎம்டி நிறுவனம் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். பிராசஸர் உட்காரும் குழிக்கு சாக்கெட் என்று பெயர். பொதுவாக இரண்டு, மூன்று வருஷத்தில் அதன் அமைப்பை மாற்றிவிடுவார்கள். புது பிராசஸர் வாங்கினால் மதர்போர்டும் சேர்த்து வாங்க வேண்டும். ஏஎம்-4 என்ற சாக்கெட்டை ஏஎம்டி பல வருஷம் மாற்றவில்லை. 2022-ல் வந்த ரைசன் 5 5600 பிராசஸர், பயாஸை அப்டேட் செய்தால் 2017 காலத்து போர்டுகள் பலவற்றிலும் உட்காரும்.

“அதே ஆறு கோர்தான் தாத்தா, அதே 65 வாட்தான். ஆனா ஒவ்வொரு கோரும் ரொம்ப ஃபாஸ்ட்” என்றான் பேரன். எனக்குப் புரிந்துவிட்டது. செக்‌ஷனில் குமாஸ்தாக்கள் அதே ஆறு பேர், ஆனால் கை வேகமானவர்கள். விளையாட்டுகளில் பெரும்பாரம் ஒருவர் இருவர் தலையில்தான் விழுமாம். ஆகவே தலை எண்ணிக்கையைவிடக் கைவேகம் முக்கியம். இந்தப் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. விலை சுமார் பத்தாயிரம். புதிய போர்டு, புதிய பிராசஸர், புதிய ரேம் என்று போனால் கடைக்காரர் கொடுத்த எஸ்டிமேட் அதைப்போல ஐந்து மடங்கு. புதிய ஏஎம்-5 சாக்கெட்டில் டிடிஆர்-5 ரேம் மட்டும்தான் போட முடியும். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. கையில் இருக்கும் நல்ல டிடிஆர்-4 ரேமைத் தூக்கி எறிய இது நேரமில்லை.

மூன்றாம் கேள்வி: எத்தனை காலம்? “பழைய வண்டிக்குப் புது மாடு பூட்டுவதா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏஎம்-4 சாக்கெட்டுக்கு இனி புதுத் தலைமுறை பிராசஸர் வராது. இதுவே அதற்குக் கடைசித் திருப்பணி. மதர்போர்டும் பவர் சப்ளையும் எட்டு வருஷம் பழையவை. தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்காற்று இரும்பையே தின்னும். அதனால் என் கணக்கு இப்படி: செலவு புதியதின் விலையில் கால்பங்குக்குள் இருந்து, மூன்று வருஷமாவது உழைக்கும் என்று தோன்றினால் பழுதுபார்க்கலாம். அதற்கு மேல் போனால் வேண்டாம்.

நான் சிறு வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் பாஷையில் கம்ப்யூட்டருக்கு ‘ஓர்தினத்தர்’ என்று பெயர். 1955-ல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துகிறவர் என்று பொருள். பெயர் வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்துச் செய்வதை 2015-ல் சட்டப்படி குற்றமாக்கினார்கள். இரண்டு வருஷம் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை விதிக்கலாம். பழைய ஐபோன்கள் அப்டேட்டால் மெதுவாகலாம் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லாததற்காக 2020-ல் ஆப்பிள் நிறுவனம் அங்கே இரண்டரைக் கோடி யூரோ கட்டியது. 2021-ல் லேப்டாப், செல்போன், டிவி முதலியவற்றை விற்கும்போது, பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேர்ந்தது.

நம் நாட்டில் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் கடையில் பெட்டியைக் கையில் எடுக்கும்போதே கண்ணில் படும்படி மதிப்பெண் இருந்தால்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பயன். ஐநா கணக்குப்படி 2022-ல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது கால்பங்குகூட இல்லை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் அந்தக் குவியலில் சேர்வதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே பேரனும் நானும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். பிராசஸரை மட்டும் மாற்றுகிறோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

உங்கள் போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் புதுப் பிராசஸரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மாற்றிய பிறகு என்றால் திரையே வராமல் போகலாம். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு படுத்துவிடும் அபாயம் உண்டு. நம் பக்கத்துக் கரண்டை நம்பாமல் யுபிஎஸ்-ல் போட்டுச் செய்யுங்கள். ஏஎம்-4 பிராசஸரின் அடியில் 1,331 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. மேலே உள்ள விசிறியைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், ஊசி வளையும். சிறிது நேரம் ஓடவிட்டு, சூடானதும் அணைத்துவிட்டு, மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

விளையாட்டே வேண்டாம், படிக்கவும் எழுதவும் மட்டும்தான் என்பவர்கள் பத்தாயிரமும் செலவழிக்க வேண்டாம். லினக்ஸ் போட்டால் பழைய பிராசஸரிலேயே பாதுகாப்பாக ஓடும். நம் சி-டாக் நிறுவனமே ‘பாஸ்’ என்று ஒரு லினக்ஸைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறது. வேலரண்ட் அதில் ஓடாது என்பதால்தான் எங்கள் வீட்டில் பிராசஸர் செலவு. கழற்றும் பழைய பிராசஸரையும் குப்பையில் போடப் போவதில்லை. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. தேவைப்படுகிறவர் எவராவது கேட்டால் கொடுத்துவிடலாம்.